பந்திவிசாரணைக்கு நடுவே கிறிஸ்துமஸ்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். கோத்தகிரியில் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறோம். டிசம்பர் 20 முதல் ஜனவரி 2 வரை அறை காலியாவதில்லை. பகலெல்லாம் சமையல், நடுவில் கேக்கும் அச்சு முறுக்கும், ராத்திரி பாடகர் குழுவோடு கேரல் ரவுண்ட்ஸ். 25ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் நின்றபடியே தூங்குகிறேன். டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஓர் அதிகாரமாக லூக்கா சுவிசேஷம் வாசிக்க ஆரம்பித்தேன், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. என் விசுவாசம் குளிர்ந்துவிட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது தூக்கக் குறைவுதான். அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மேலும் ஓர் உபவாச ஜெபத்தைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். 1 இராஜாக்கள் 19ஐப் பாருங்கள். சாகவேண்டும் என்று சொல்லி எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிடுகிறார், மறுபடி தூங்குகிறார், எழுந்து மறுபடி சாப்பிடுகிறார். தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்பது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்.

ஆகவே முதலில் ஒன்றைக் குறையுங்கள். என் யோசனை, கேரல் ரவுண்ட்ஸ். உறைபனி இறங்கும் நேரத்தில் ஊர் ஊராகப் பாடிவிட்டு நள்ளிரவு தாண்டி வந்து, விடியுமுன் விருந்தினருக்கு டீ போட யாராலும் முடியாது. உங்கள் ஏரியாவுக்கு வரும் ஒரே ஒரு இரவு மட்டும் பாடுகிறேன் என்று குழுத் தலைவரிடம் நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள். டிசம்பர் 18இல் சொன்னால்தான் மனவருத்தம் வரும். குற்ற உணர்வு வந்தால் அப்போஸ்தலர் 6ஐப் படியுங்கள். வசனப் போதனையையும் பந்திவிசாரணையையும், அதாவது சாப்பாடு பரிமாறும் வேலையையும், ஒரே ஆட்கள் சுமக்க முடியாது என்றுதான் ஆதிச் சபையில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் முதல் பெயர் ஸ்தேவான். அவருடைய நினைவு நாள் டிசம்பர் 26, உங்கள் சமையலறை நிரம்பி வழியும் நாள்.

இனி லூக்கா. 24 அதிகாரம், 24 நாள் என்ற கணக்கு பார்க்க அழகாக இருக்கும், நடைமுறைக்கு ஒத்துவராது. முதல் அதிகாரமே 80 வசனம், புதிய ஏற்பாட்டில் அதைவிட அதிக வசனமுள்ள அதிகாரம் இல்லை. பிறப்பு 2ஆம் தேதியே முடிந்துவிடும். அறைகள் நிரம்பிய 22ஆம் தேதியில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் 71 வசன அதிகாரம் வந்து நிற்கும். நீங்கள் விட்டதில் ஆச்சரியமில்லை.

சபை நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் காலம் 25இல் தொடங்கி ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள். நாம்தான் 26ஆம் தேதியே அதை முடித்துவிடுகிறோம். அந்த நாட்களில் முதல் இரண்டு அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இத்தனை வசனம் என்று வெட்டினால் காபிரியேல் தூதன் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டிவரும். சம்பவப்படி பிரியுங்கள்: 1:5-25, 26-38, 39-56, 57-80, பிறகு 2:1-7, 8-20, 21-40, 41-52. மொத்தம் எட்டு. டிசம்பர் 26 முதல் ஜனவரி 5 வரை பதினொரு நாள் இருப்பதால் மூன்று நாள் தவறினாலும் பரவாயில்லை. டிசம்பர் 31 இரவின் வாட்ச் நைட் ஆராதனை ஒன்றைத் தின்னும், செக் அவுட் நெரிசல் இன்னொன்றை.

அச்சிட்ட வேதாகமத்தில் வாசியுங்கள். போனில் திறந்தால் வசனத்துக்கு மேலேயே புக்கிங் மெசேஜ் வந்து விழும். கம்பளிக்குள் படுத்தபடி வேண்டாம், இந்தக் குளிரில் அரை நிமிஷத்தில் கண் சொக்கிவிடும். காலையில் வெந்நீர் அடுப்பில் ஏறியதும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முணுமுணுக்காமல் குரல் விட்டு இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை கதை தெரியும், இரண்டாம் முறை ஏதாவது ஒரு வரி நிற்கும். அதை வைத்து ஒரு வாக்கியம் ஜெபித்தால் போதும். நீள ஜெபத்தை ஜனவரி 3க்கு வைத்துக்கொள்ளலாம்.

நன்றாகத் தூங்கிச் சாப்பிட்ட பிறகும் ஜனவரி நடுவில் இதே சோர்வு இருந்தால் ஆயரிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டும்கூட இப்படித்தான் படுத்தும். அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி.