டாக்டரிடம் கேளுங்கள்: ‘என் பிரஷர் எனக்குத் தெரியாதா?’

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் போட்டால் அதிகம். “தலை சுற்றினால்தானே பிரஷர்? எனக்குத்தான் ஒன்றும் இல்லையே” என்கிறார். கூட வாக்கிங் போகிற நண்பர்கள் வேறு, “ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது” என்று ஏற்றிவிடுகிறார்கள். எத்தனையோ வீடியோ அனுப்பிவிட்டேன். என்ன சொன்னால் கேட்பார்? – ஒரு வாசகி

பதில்: முதலில் வீடியோ அனுப்புவதை நிறுத்துங்கள். அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அவர் தன் உடம்பு சொல்வதை நம்புகிறார், நண்பர்கள் சொல்வதை நம்புகிறார். அந்த இரண்டையும் தொடாமல் நாம் பயம் காட்டிக்கொண்டே இருக்கிறோம். நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். பயந்தவர்கள் மாத்திரை போடவில்லை. என்னிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டியைத் தெருவுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். காசு கிடையாது, அலைச்சல் கிடையாது. அப்படியும் பலர் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று ஹாக்பாம் என்ற உளவியலாளர் மக்களிடமே போய்க் கேட்டார். ‘இது எனக்கும் வரலாம்’, ‘தொந்தரவு தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்தால் நல்லது’ – இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாங்களாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையுமே நம்பாதவர்களில் 21 சதவீதம்தான். உங்கள் அப்பாவிடம் இல்லாதது அந்த இரண்டாவது நம்பிக்கை. தொந்தரவு இல்லையென்றால் நோயும் இல்லை என்பது அவர் கணக்கு. பிரஷரோ பெரும்பாலும் வெளியே தெரியாமலே ரத்தக் குழாயைக் கெடுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1985-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிரஷர்காரர்களைக் கேட்டார்கள். பிரஷர் ஏறினால் ஒருவருக்குத் தெரியாது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆட்கள், தன் பிரஷர் மட்டும் தனக்குத் தெரியும் என்றார்கள்!

அதனால் வாதம் வேண்டாம், கருவி வாங்குங்கள். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் இதே கட்சிதான். “சரி சார், அளப்பதற்கு முன்னால் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே எழுதுங்கள். அப்புறம் அளந்து பக்கத்தில் எழுதுங்கள்” என்றேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு பத்தி. இடது பக்கம் 130, 128, 130. வலது பக்கம் 164, 158, 170. இரண்டு வாரத்தில் மூன்று நாள்தான் பொருந்தியிருந்தது. நோட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதைக் காலையில் போடணுமா, ராத்திரியா?” என்றார்.

அளக்கும்போது ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், பேச்சு கூடாது. மகள் பக்கத்தில் நின்று முறைத்தால் அதற்கும் ஏறும்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. பலருக்கு மாத்திரை நெடுநாள் தேவைப்படும். மாத்திரை பழகிவிடுவதால் அல்ல, நோய் அங்கேயே இருப்பதால். எடை குறைந்து பிரஷரும் இறங்கினால் டாக்டரே அளவைக் குறைக்கலாம். ஆனால் அப்பா தானாக நிறுத்தக் கூடாது. சில வகை மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் பிரஷர் எகிறிவிடும். இன்னொன்று: அந்த நண்பர் கூட்டத்திலேயே வெளியில் சொல்லாமல் மாத்திரை போடுகிறவர் ஒருவராவது இருப்பார். தேடிப் பிடியுங்கள். “நானும் போடறேன்ப்பா” என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, நான் சொல்லும் பத்து வார்த்தைக்குச் சமம்.

கடைசியாக, அப்பா டாக்டரைத் தனியாகப் பார்க்கட்டும். கால் வீக்கம், வறட்டு இருமல் என்று மாத்திரைக்கு மாத்திரை பக்க விளைவு உண்டு. மகளிடம் சொல்லக் கூச்சப்படும் தொந்தரவுகளும் உண்டு. மாற்று மருந்து இருக்கிறது, வாய் திறந்தால் போதும்.

கேள்வி: ஆபீசில் இடைவேளைக்கு நாலு பேர் சேர்ந்துதான் வெளியே போவோம். சிகரெட்டை விட்டால் நட்பும் போய்விடுமோ? – ஒரு வாசகர்

பதில்: நாலு பேரும் சேர்ந்து விடுங்களேன். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. 12,067 பேரை 1971 முதல் 2003 வரை பார்த்த ஓர் ஆய்வில், நண்பர் விட்டால் இவர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்தது. கணவனோ மனைவியோ விட்டால் 67 சதவீதம். (ஒத்த குணம் உள்ளவர்கள்தான் சேர்கிறார்கள், அதுவும் இதில் கலந்திருக்கும் என்று விவாதம் உண்டு.) யாரும் வரவில்லையா? இடைவேளைக்குப் போங்கள், பேசுங்கள், தீப்பெட்டியை மட்டும் மேஜையில் விட்டுவிட்டுப் போங்கள். முதல் வாரம் கேலி செய்வார்கள். அதில் ஒருவர் மட்டும் தனியாக வந்து, “எப்படிய்யா விட்டே?” என்று கேட்பார்.