பெட்டி கட்டுவதற்கு முன்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். ஊர் திருச்சி. ஒரு வருடத் தன்னார்வப் பணிக்காகக் கானா நாட்டின் வடக்கே இருக்கும் தமாலே நகரத்துக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மார்ச் வெயில் கொளுத்துகிறது, இரவில் தூக்கமே இல்லை. நாங்கள் சைவம் என்பதால் பாதி நாள் ரொட்டியும் வாழைப்பழமும்தான். பள்ளியில் இன்னும் எங்களுக்கு வகுப்பு ஒதுக்கவில்லை. தலைமையாசிரியர் “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டுப் போகிறார், ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். என் கணவர் கடுப்பாகி, “திரும்பிடலாம்” என்கிறார். கொசுவே இல்லையே என்று மலேரியா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். என்ன செய்வது?
ஒரு வாசகி, தமாலே

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையை நிறுத்தியது தப்பு. இன்றே டாக்டரைப் பார்த்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். வறண்ட காலத்தில் கொசு குறையுமே தவிர ஒழியாது. கானாவில் மலேரியா ஆண்டு முழுக்க உண்டு. அதிலும் பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, மூளை வரைக்கும் போகக்கூடியது. நம் ஊரில் பேர் தெரிந்த குளோரோகுயின் மாத்திரை அங்கே பலிக்காது. காய்ச்சல் வந்தால் ‘வெயில் சூடு’ என்று படுத்துவிடாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். திருச்சிக்குத் திரும்பிய பிறகும் சில மாதங்களுக்கு, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் கானாவில் இருந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.

சரி, வெயில். நானும் அதே ஊரில் இரண்டு வருடம் இருந்தவள். திருச்சிக்காரர்களுக்கு 40 டிகிரி புதிதில்லை என்று நினைத்துத்தான் நீங்களும் கிளம்பியிருப்பீர்கள். சஹாராவிலிருந்து புழுதியோடு வரும் ஹர்மட்டான் காற்றை மறந்திருப்பீர்கள். அந்தக் காய்ந்த காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும். உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரியாது. இப்போது காற்று ஓய்ந்து, வருடத்திலேயே மோசமான மார்ச், ஏப்ரல். தகரக் கூரை வீடு என்றால் நடுராத்திரி வரை தலைக்கு மேல் அடுப்புதான். நாங்கள் பாயைத் திண்ணைக்குக் கொண்டுபோய், கொசுவலையையும் அங்கேயே கட்டினோம். படுக்கும்முன் ஒரு குளியல், பக்கத்தில் ஈரத்துண்டு. நாள் முழுக்க ஏசி அறையிலேயே அடைந்து கிடந்தால் உடம்பு பழகாது. காலையிலும் மாலையிலும் கொஞ்சம் நடந்தால் இரண்டு வாரத்தில் தேவலாம். உதடும் குதிகாலும் வெடித்திருந்தால் சந்தையில் ஷியா வெண்ணெய் கேளுங்கள், ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு. அந்தப் பக்கத்துப் பெண்களே எடுப்பது, விலையும் குறைவு.

சாப்பாட்டு விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். தமாலேயில் உட்கார்ந்துகொண்டு ரொட்டியா? விடிந்ததும் தெருமுனையில் ஒரு அம்மா பெரிய பாத்திரத்தோடு கோக்கோ விற்பார். நாம் குடிக்கும் கோக்கோ இல்லை இது; கம்பு மாவைப் புளிக்க வைத்து இஞ்சி, கிராம்பு போட்டுக் காய்ச்சிய கூழ். தொட்டுக்கொள்ள கோஸே, தட்டைப்பயறு அரைத்துச் சுட்ட வடை. மதியத்துக்கு வாச்சே: சோள இலை போட்டுச் சிவக்க வேகவைத்த அரிசியும் பயறும். டூஸாஃபி என்பது சாட்சாத் நம் களிதான். ஆனால் உஷார்: “மீன் வேண்டாம்” என்றால் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் குழம்பை ஊற்றிவிடுவார்கள். கருவாட்டுப் பொடி அவர்கள் கணக்கில் மீனே இல்லை! கறுப்பாக எண்ணெய் மிதக்கும் ஷித்தோ என்ற மிளகாய்த் தொக்கிலும் அது உண்டு. வாச்சேயை வெறுமனே வாங்கிவந்து வீட்டில் ஒரு தக்காளித் தொக்கு செய்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தலைமையாசிரியர். கானாவில் “ஐ ஆம் கமிங்” என்றால் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று அர்த்தம் இல்லை. நாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே “வர்றேன்” என்கிறோமே, அதேதான். அவர் விடைபெற்றிருக்கிறார், உங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் காத்திருக்கிறார். இதை அவரிடம் சொல்லுங்கள், சிரித்துவிடுவார்.

வகுப்பு கிடைக்காததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். என் கதையைச் சொல்கிறேன். முதல் மாதம் தினமும் காலையில் நேராக அலுவலக அறைக்குள் போய், “என் டைம்டேபிள் என்னாச்சு?” என்று கேட்பேன். புன்னகை கிடைக்கும், டைம்டேபிள் கிடைக்காது. கூட வேலை பார்த்த ஒரு டீச்சர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நீங்கள் யாரையும் நலம் விசாரிப்பதே இல்லை.” அந்தப் பக்கத்து டகோம்பா இன மக்களிடம் விசாரிப்பு முடியாமல் எந்தப் பேச்சும் தொடங்காது. காலையில் “டஸிபா” என்றால் பதிலுக்கு “நா”. அப்புறம் தூங்கினீர்களா, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு “நா”. பெரியவர்கள் முன்னால் குந்தி வணக்கம் சொல்வார்கள். உங்கள் முழங்காலுக்கு அது வேண்டாம், தலை குனிந்தால் போதும். இடது கையால் எதையும் நீட்டாதீர்கள் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். யாராவது சாப்பிட்டுக்கொண்டே “யூ ஆர் இன்வைட்டட்” என்றால் நம் “சாப்பிட வாங்க”தான். நன்றி சொல்லி நகரலாம்.

வகுப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில், யாராவது ஒரு ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதி கேளுங்கள். முப்பது வருட அனுபவத்தை அங்கே அவிழ்க்க வேண்டாம். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். எனக்கு முதல் வகுப்பு அப்படித்தான் வந்தது, ஒரு டீச்சர் லீவு போட்ட நாளில்.

ஊர் திரும்பும் பேச்சை மே மாதம் வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதற்குள் மழை எட்டிப் பார்த்திருக்கும், இரவில் தூக்கம் வரும். தூங்காத மனிதர் எடுக்கும் முடிவை நான் நம்பமாட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அவர் போகலாம் என்றால், போவதில் தப்பே இல்லை. ஒரு மாதம் முன்னாலேயே பள்ளியில் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். மாத்திரை மட்டும் மே வரை காத்திருக்காது.