தென்னாப்பிரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு உயில் எழுதி வைத்தால் பயன் உண்டா? எப்படி எழுத வேண்டும்?

கேட்டவர் டர்பனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். வீடு, கொஞ்சம் சேமிப்பு, ஓய்வூதிய நிதி, இவ்வளவுதான் சொத்து. அதில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கு எழுதி வைக்கலாமா, நம்மைப் போன்றவர்களின் பணத்தால் அங்கே ஏதாவது நடக்குமா, உயிலில் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக எழுதி வையுங்கள், ஐயா. பயன் உண்டு. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பன் வந்தவள். என் மாமியார் தன் உயிலில் ஒரு பங்கை இதே காரியத்துக்கு எழுதினார். என் கணவர்தான் எக்சிகியூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர். இறந்தவர் சொத்துகளை மேற்பார்க்கும் மாஸ்டர் ஆபீஸ், பேங்க், வக்கீல் என்று காகித வேலை முழுவதையும் நான் கூட இருந்து பார்த்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் உங்களைப் போன்ற ஒரு குடும்பத்தில் இது எப்படி நடக்கும் என்று தெரியும்.

முதலில் பயன் உண்டா என்ற கேள்வி. உம்பிலோ ரோட்டில், முன்பு கிங் எட்வர்ட் என்று இருந்த விக்டோரியா ம்செங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் நெல்சன் மண்டேலா மருத்துவக் கல்லூரி வளாகத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். அங்கே டோரிஸ் டியூக் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 2003-ல் திறந்தார்கள். அந்த அம்மாள் அமெரிக்காவில் ஒரு புகையிலைப் பணக்காரரின் மகள். 1993-ல் இறந்தார். அவர் உயிலால் உருவான அறக்கட்டளையின் பணம் அந்தக் கட்டடமாக நிற்கிறது. கேப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆராய்ச்சி மையம் அங்கிருந்துதான் இயங்கியது. 2010-ல் 889 பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த ஜெல் எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். பெண் தன் கையில் வைத்துக்கொள்ளும் ஒரு மருந்து தொற்றைத் தடுக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது நம் டர்பனிலிருந்து. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அதே வளாகத்தில் உயரமாக இன்னொரு கட்டடம் 2012-ல் வந்தது. அதற்கு முன், 2006-ல், நம் மாகாணத்து டுகேலா ஃபெரி என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்திருந்தார்கள். எய்ட்ஸும் காசநோயும் சேர்ந்து ஆளைக் கொல்வதை, நோயாளிகள் இருக்கும் இடத்திலேயே ஆராய வேண்டும் என்றுதான் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் அங்கே பணம் போட்டது. சோம்கேலேயில் வெல்கம் டிரஸ்டின் ஆதரவில் நடந்த ஆப்பிரிக்கா சென்டரோடு 2016-ல் அது இணைந்து, இப்போது ஆப்பிரிக்கா சுகாதார ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. வெல்கம் டிரஸ்டும் ஒரு உயிலில் பிறந்ததுதான். மருந்துக் கம்பெனி நடத்திய ஹென்றி வெல்கம் 1936-ல் இறந்தபோது, கம்பெனிப் பங்குகள் முழுவதையும் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று டிரஸ்டிகளிடம் விட்டுப்போனார்.

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். அவர் 1953-லேயே அந்த நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். ஆனால் 1976-ல் இறந்தபோது செல்லத்தக்க உயில் ஒன்றுகூட இல்லை. போலி உயில்கள் கிளம்பின. நிறுவனத்தை யார் நடத்துவது என்று கோர்ட் டிரஸ்டிகளை நியமிக்க 1984 ஆகிவிட்டது. டோரிஸ் டியூக் உயில் எழுதியிருந்தார், ஆனால் வீட்டு பட்லரை எக்சிகியூட்டராகப் போட்டதில் வழக்குமேல் வழக்கு. 1996-ல்தான் முடிந்தது. பணம் எவ்வளவு என்பதைவிட, காகிதம் எப்படி, பொறுப்பு யாரிடம் என்பதுதான் பெரிய விஷயம்.

சரி, இவர்களெல்லாம் கோடீஸ்வரர்கள், நாம் எங்கே என்று கேட்பீர்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 1969-லிருந்து இருக்கும் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனில் வக்கீலாக இருந்த கான் தன் சொத்தை எழுதி வைத்ததில் உருவான டிரஸ்டிலிருந்து தொடங்கிய காரியம் அது. கோயில், பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் என்றால் இங்கே நம் ஆட்கள் யோசிக்காமல் கொடுப்பார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுப்பது மட்டும் பழகவில்லை. எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் இங்குள்ள இந்தியக் குடும்பங்களைச் சர்க்கரை நோய் அரிக்கிறது. சர்க்கரையால் கால் எடுத்தவர், கண் போனவர், டயாலிசிஸில் இருப்பவர் யாருமே இல்லாத சொந்தக்காரர் வீடு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. என் மாமனார் போனதும் அப்படித்தான்.

சின்னத் தொகைக்கு ஆராய்ச்சியில் ஒரு தனி இடம் இருக்கிறது. பெரிய நிதி நிறுவனங்கள் ஒரு யோசனையை மட்டும் நம்பிப் பணம் தருவதில்லை. கொஞ்சமாவது முதல்கட்டத் தரவு கேட்பார்கள். அந்தத் தரவைச் சேர்க்க ஒரு எம்.எஸ்ஸி. மாணவிக்கு உதவித்தொகை, கொஞ்சம் ரசாயனம், ரத்தப் பரிசோதனைச் செலவு தேவை. அந்த முதல் பணம் விதைநெல் மாதிரி. அதைக் கொடுக்கத்தான் ஆள் குறைவு. இன்னொன்று, 2025-ல் அமெரிக்க அரசு தென்னாப்பிரிக்காவுக்கான உதவியை நிறுத்தியபோது, அந்தப் பணத்தில் ஓடிய ஆய்வுகள் பல பாதியில் நின்றன. நான் மேலே சொன்ன ஜெல் ஆய்வுக்கும் பெரும்பங்கு அமெரிக்க அரசுப் பணம்தான். உயில் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்து, முதல் அப்படியே இருக்க வட்டி மட்டும் செலவாகும்படி வைத்த பணத்தை வெளிநாட்டு அரசாங்கம் எதுவும் ஒரு கையெழுத்தில் நிறுத்த முடியாது.

இனி எப்படி எழுதுவது. என் மாமியார் முதலில் எழுதச் சொன்ன வாசகம் "சாட்ஸ்வொர்த் தமிழ்ப் பெண்களுக்கு வரும் சர்க்கரை நோய்க் கிட்னிக் கோளாறு பற்றிய ஆராய்ச்சிக்கு மட்டும்" என்பது. அவருடைய ஆசை அது, அதில் தப்பு எதுவும் இல்லை. வக்கீல் பொறுமையாக உட்கார்ந்து ஒரு வழக்கை விளக்கினார். சர் சார்லஸ் ஸ்மித் என்பவர் 1938-ல் எழுதிய உயிலில் எம்மா ஸ்மித் கல்வி நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார். டர்பனில் வசிக்கும், பிரிட்டிஷ் அல்லது டச்சு வம்சாவளி வெள்ளைக்காரப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நிபந்தனை. பொறுப்பு நம் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்திடம் வந்து சேர்ந்தது. இன நிபந்தனையை நீக்கச் சொல்லி வழக்கு நடந்து, 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் நீக்கினார்கள். கேப்டவுன் பக்கமும் இதே மாதிரி ஓர் உயில் வழக்கு 2006-ல் முடிந்தது. இனம், மதம், பாலினம் பார்த்து ஒதுக்கும் நிபந்தனை இன்றைய அரசியல் சட்டத்தின் முன் நிற்பது கஷ்டம். நின்றாலும், "சாட்ஸ்வொர்த்" என்றும் "கிட்னி" என்றும் குறுக்கினால், அந்த வருஷம் அந்த ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை என்றால் பணம் சும்மா கிடக்கும்.

நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. டோரிஸ் டியூக் விலங்குகளை வைத்துச் சோதனை செய்யும் ஆராய்ச்சிக்குத் தன் பணம் போகக்கூடாது என்று எழுதினார். அது இன்றுவரை மதிக்கப்படுகிறது. மனிதர்களிடையே நேரடியாக நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியின் பக்கம் அந்த அறக்கட்டளை போனதற்கு அதுவும் ஒரு காரணம். யாரை விலக்குவது என்று சொல்லாமல், எதைச் செய்யக்கூடாது என்று தெளிவாகச் சொன்ன நிபந்தனை அது. கடைசியில் அத்தை எழுதியது: "சர்க்கரை நோயும் அதனால் வரும் சிக்கல்களும் பற்றிய ஆராய்ச்சிக்கு. அது இயலாதபோது, அதற்கு நெருக்கமான மருத்துவ ஆராய்ச்சிக்கு, பல்கலைக்கழகத்தின் முடிவுப்படி." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சட்டப்படி முழுசாக எழுதி, பக்கத்தில் "அல்லது அதன் சட்டப்படியான வாரிசு நிறுவனம்" என்று சேர்க்க வேண்டும். நட்டால் பல்கலைக்கழகம், டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் இரண்டும் 2004-ல் ஒன்றானது உங்களுக்குத் தெரியும். நாளை என்ன பெயர் மாறுமோ.

தொகையாக எழுதாதீர்கள், பங்காக எழுதுங்கள். இரண்டு லட்சம் ராண்ட் என்று எழுதி வைத்து, கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு சேமிப்பைத் தின்றுவிட்டால், அந்த இரண்டு லட்சம் முதலில் போய்ப் பிள்ளைகளுக்கு மிச்சம் இல்லாமல் போகும். இருபது வருஷம் கழித்து விலைவாசியில் அந்தத் தொகை ஒன்றுமில்லாமலும் போகலாம். கடன், செலவு எல்லாம் போக மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு என்றால் எல்லோரும் சேர்ந்து ஏறுவார்கள், சேர்ந்து இறங்குவார்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுப்போகும் சொத்து. 35 லட்சம் ராண்டுக்கு மேல் போகும் சொத்துக்குத்தான் எஸ்டேட் வரி, 3 கோடி வரை 20 சதவீதம். பொதுநல அமைப்பாகப் பதிவான நிறுவனத்துக்கு எழுதி வைப்பது வரிக்கு முன்பே கழிந்துவிடும். நிகரச் சொத்து 50 லட்சம் என்றால் வரி 3 லட்சம். அதில் 5 லட்சத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் வரி 2 லட்சமாகிவிடும், பிள்ளைகளுக்குக் குறைவது 4 லட்சம்தான். இது உங்கள் பெயரில் மட்டும் உள்ள சொத்துக்கான கணக்கு. மனைவிக்குப் போவதற்கு வரி கிடையாது, நீங்கள் பயன்படுத்தாத விலக்கும் அவருக்குப் போகும். எக்சிகியூட்டர் கட்டணம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம் வரை வரும், எக்சிகியூட்டர் வாட் வரிக்குப் பதிவு செய்தவர் என்றால் அதற்குமேல் வாட். குடும்பத்து ஆளைப் போட்டால் அதைக் குறைத்துப் பேசலாம். உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால் 18ஏ என்ற வரிக்கழிவு ரசீது வாங்கி, வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். உயிலில் கொடுப்பதற்கு அந்த ரசீது கிடையாது.

நீங்கள் ஓய்வூதிய நிதியையும் சொத்துக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அது வேறு. ஓய்வூதிய நிதியின் மரணப் பணம் பெரும்பாலும் எஸ்டேட்டுக்குள் வராது. உங்களை நம்பி இருப்பவர்கள் யார் என்று நிதியின் டிரஸ்டிகள் விசாரித்து, அவர்களே பிரிப்பார்கள். உயிலில் எழுதி அதைத் திருப்ப முடியாது. பெயர் குறித்த ஆயுள் காப்பீடும் நேராக அந்த ஆளுக்குப் போய்விடும். அதேபோல், உங்கள் கல்யாணம் கூட்டுச் சொத்து முறையில் என்றால் வீட்டில் பாதி அம்மாவுடையது, அதாவது உங்கள் மனைவியுடையது. அதை நீங்கள் எழுத முடியாது. அம்மா உங்களுக்குப் பின் இருந்தால், அவர் வாழ்க்கைச் செலவுக்கு எஸ்டேட்டிடம் கேட்கும் உரிமை 1990-ம் வருஷச் சட்டத்தில் இருக்கிறது. அவர் காலம் வரை வீட்டில் இருக்க வழிசெய்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து வேண்டும். கடைசியில் நீங்கள் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகளும் கூடவே இருந்து போட வேண்டும். உயிலில் எதையாவது பெறப்போகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவர் பங்கே போய்விடக்கூடும். அதனால் மகனையும் மருமகளையும் அந்த அறையிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்துத் தானே சொன்னார். என் கொழுந்தனாருக்குப் பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில அப்பாவை யாரும் காப்பாத்தலையே, அவங்களுக்கு ஏம்மா?" என்று கேட்டார். "காப்பாத்தத் தெரியலப்பா. தெரிஞ்சுக்கட்டும்னுதான்" என்றார் அத்தை. கொழுந்தனார் கோபம் அன்றே தீரவில்லை. ஆனால் அத்தை போன பிறகு, கடன்காரர்களுக்கு விளம்பரம் கொடுத்து, கணக்கு தாக்கல் செய்து, அது 21 நாள் பார்வைக்கு இருந்தபோது, யாரும் ஓர் ஆட்சேபம் எழுப்பவில்லை. அம்மா வாயாலேயே கேட்ட விஷயம் என்பதால்தான் என்று நான் நம்புகிறேன்.

வக்கீலிடம் போவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். சட்டப்படியான பெயர், பொதுநல அமைப்பு எண், எந்தத் துறைக்கு எப்படி எழுதினால் பணம் போய்ச் சேரும் என்ற வாசகம், மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். உங்கள் நோக்கத்தில் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் இருந்தால் சந்திக்க நேரமும் கேளுங்கள். அத்தை அப்படிப் போய், ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கிருந்த மாணவிகளிடம் அரைநாள் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.