பாட்டை அறியும் கருவி ஆளை அறியுமா?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் நடந்த வில்லுப்பாட்டைக் கைப்பேசியில் பதிந்து யூடியூபில் ஏற்றினேன். சிறிது நேரத்திலேயே பதிப்புரிமைக் கோரல் வந்துவிட்டது. என் மகனோ டோரண்ட் வழியாகப் பழைய திரைப்பாடல்களைப் பகிர்கிறான். எங்கள் கைப்பேசிக்குள் யாரேனும் எட்டிப் பார்க்கிறார்களா?
– வாசகி ஒருவர், தக்கலை

பதில்: கைப்பேசிக்குள் யாரும் நுழையவில்லை, அம்மா. யூடியூப் 2007 முதல் பயன்படுத்திவரும் 'கன்டென்ட் ஐடி' என்னும் முறை, உரிமையாளர்கள் முன்பே கொடுத்துவைத்த ஒலிப்பதிவுகளின் 'ஒலி ரேகை'யோடு, நீங்கள் ஏற்றிய காணொலியை ஒப்பிடுகிறது. கைரேகையைப் போன்ற அந்த அடையாளம் ஒலியின் ஏற்ற இறக்கங்களிலிருந்து எடுக்கப்படுவதால், பந்தல் ஒலிபெருக்கியில் இடையே ஒலித்த திரைப்பாடல், கூட்டத்தின் இரைச்சலோடு பதிவாகியிருந்தாலும் அகப்பட்டுவிடும். உங்கள் பதிவிலும் அப்படித்தான் நேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். கோரல் என்பது வழக்கு அன்று. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி நீக்கலாம், கோரல் தவறென்றால் மறுப்பும் தெரிவிக்கலாம். வில்லுப்பாட்டுக் கதை மரபுவழி வந்ததேயானாலும், பாடிய கலைஞர்களுக்குத் தங்கள் நிகழ்ச்சியின்மீது சட்டப்படி உரிமை உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுவதே முறை.

உங்கள் மகன் செய்வது வேறு வகை. டோரண்ட் என்பது பயனர்களின் கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை. அதில் ஒரு கோப்பை இறக்கும் கணினி அதே வேளையில் பிறருக்கு அதை வழங்கவும் செய்கிறது. அதனால் அதன் ஐ.பி. முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), அக்கோப்பைப் பகிரும் மற்றவர்களுக்குத் தெரியும். உரிமையாளர்களுக்காக வேலை செய்யும் கண்காணிப்பு நிறுவனங்கள் தாமும் ஒருவராக அந்தக் கூட்டத்தில் சேர்ந்து, முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்கின்றன. ஆனால் அந்த எண்ணில் பெயர் இல்லை. அது யாருடைய இணைப்பு என்பதை இணைய நிறுவனம்தான் சொல்ல முடியும். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பதும் உண்டு. வீட்டு வைஃபையை அண்டை வீட்டாரும் பயன்படுத்தக்கூடும். ஆகவே முகவரி ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது அநீதி என்பதே என் உறுதியான கருத்து. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பழைய பாடல் என்பதால் உரிமை போய்விடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையோ அவர்களது மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால், விசாரணை முதலில் உங்களிடமே வரும். இதை மகனிடம் சொல்லுங்கள்.