மதுரையில் ஒரு சாயங்காலம்: சைவ அம்மாவும் கறி தோசையும்

அம்மா சுத்த சைவம், உங்களுக்குக் கறி தோசை வேணும், ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடிக்கணும்னு கேட்டிருந்தீங்க. ரெண்டையும் ஒரே கடையில தேடாதீங்க, அம்மா தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க.

மீனாட்சி அம்மன் கோயில்ல தரிசனம் முடிஞ்சு மேற்குக் கோபுரப் பக்கம் வந்தா, மேலச் சித்திரை வீதியில கோபு ஐயங்கார் கடை. மாலை டிபனுக்கு வெள்ளையப்பம் கேளுங்க. அரிசி உளுந்து மாவை எண்ணெயில ஊத்திப் பொரிச்செடுப்பாங்க. ஓரம் மொறுமொறு, நடுவுல பஞ்சு. பச்சைச் சட்னி காரம் சுரீர்னு ஏறும். கூட ஒரு காபி, அம்மாவுக்கு அது போதும்.

அவங்களை ரூம்ல விட்டுட்டு நீங்க சிம்மக்கல் கோனார் கடைக்குப் போங்க. தடிமனான தோசை மேல முட்டை, அதுக்கு மேல வெந்த ஆட்டுக்கறிக் கொத்து பரப்பி, திருப்பிப் போட்டு அழுத்துவாங்க. ஒண்ணுலேயே வயிறு நிறைஞ்சிடும். ஆசைப்பட்டு ரெண்டாவது சொல்லிடாதீங்க.

விளக்குத்தூண் ஜிகர்தண்டா ரெண்டு பேருக்கும் ஆகும்: பால், பாதாம் பிசின், நன்னாரி, மேல ஐஸ்கிரீம். ரயிலுக்கு முன்னாடி சின்ன கிளாஸே போதும். மாசி வீதிகள்ல சாயங்காலம் ஆட்டோ நகராது, சீக்கிரமே கிளம்பிடுங்க.