நாலு தடவை படித்தும் மறந்துபோகிறது, டாக்டர்!

கேள்வி: வயது 19. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பாடத்தை நாலைந்து தடவை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் உட்கார்ந்தால் பாதி வரமாட்டேன் என்கிறது. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவள்தான் நான். ஞாபகசக்தி டானிக் குடிக்கலாமா? அம்மா மூளையை ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார்.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஸ்கேனுக்கு அவசியம் தெரியவில்லை. 'தெரிந்த மாதிரியே இருக்கிறது' என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். பஸ்ஸில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று தோன்றும், பெயர் மட்டும் வாயில் வராது. படித்த பக்கத்தைத் திரும்பப் பார்க்கும்போது தெரிவது முகம். தேர்வில் கேட்பது பெயர்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை ஒன்று 2006இல் வெளியானது. சூரியன், கடல் நீர்நாய் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள்தான் பாடம். ஒரு குழு நாலு சுற்றும் படித்தது; ஒரு சுற்றுக்குள்ளேயே கட்டுரையைப் பல தடவை படிக்கலாம். இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் ஞாபகத்தில் வந்ததை எழுதியது. யாரும் திருத்திக்கூடக் கொடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: 40, 61. இத்தனைக்கும் முதல் குழு கட்டுரையைச் சராசரியாகப் பதினான்கு தடவை படித்திருந்தது, மற்றவர்கள் மூன்றரைத் தடவைகூட இல்லை. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்ததும் படித்த குழுதான்!

பிளஸ் டூவில் எப்படி வந்தது என்பீர்கள். தினமும் ஸ்லிப் டெஸ்ட், வாரம் ஒரு தேர்வு, அப்புறம் ரிவிஷன் என்று பள்ளியில் உங்களை எழுத வைத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அது மார்க்குக்கு மட்டும் என்று நாம் நினைத்தோம். கல்லூரியில் இன்டர்னல் வரும்வரை யாரும் கேட்பதில்லை. நானும் எம்.பி.பி.எஸ். முதல் வருடத்தில் அனாட்டமி புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு போட்டுவிட்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பன்னிரண்டு கபால நரம்புகளில் ஏழோடு நின்றவன்தான்.

இதயத்தில் ரத்தம் ஓடும் பாதையை இன்று ஒரு தடவை நன்றாகப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு ரஃப் நோட்டில் எழுதுங்கள். வலது கீழறை வரை வந்துவிட்டு, நுரையீரலுக்குப் போவது ஆர்ட்டரியா வெயினா என்று பேனா நிற்கும். உடனே புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அப்புறம் சரிபார்த்து, விட்டதைச் சிவப்பில் எழுதுங்கள். நாளைக்கும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் வெறும் தாளில் இதையே செய்யுங்கள். முதல் நாள் பாதிகூட வராது, பரவாயில்லை.

டானிக் வேண்டாம், அதனால் ஞாபகம் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சோர்வு, முடி கொட்டுதல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். பாடம் மட்டுமில்லாமல் நேற்று நடந்ததும் பழகிய வழியும் மறக்கிறது என்றாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ நேரில் மருத்துவரைப் பாருங்கள்.