தக்கை ஏன் அசையவில்லை? – தூண்டில் கேள்வி பதில்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து தூண்டில் மீன்பிடிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். சால்மனும் டிரவுட்டும் நீங்கலாக ரோச், பெர்ச், பிரீம், டென்ச், கெண்டை, பைக் போன்ற நன்னீர் மீன்களைப் பிடிப்பதை அங்கே 'கோர்ஸ் ஃபிஷிங்' என்கிறார்கள். கேள்விகள் எல்லாமே அதைப் பற்றியவைதான்.

14 வயது மகனோடு சனிக்கிழமை தூண்டில் போடப் போகலாம் என்றிருக்கிறேன். என்னென்ன அனுமதி வேண்டும்? – வாசகர், ஹாரோ

இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று வாங்கியதும் மற்றதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

முதலாவது, அரசாங்கத்தின் ராட் லைசென்ஸ். 13 வயது நிறைந்த எவரும் இது இல்லாமல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நன்னீரில் தூண்டில் போடக் கூடாது. 13 முதல் 16 வயது வரை கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் மகன் பெயரில் பதிவு செய்து லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். அரசு இணையதளத்தில் ஒரு நாள், 8 நாள், ஓராண்டு என்று கிடைக்கும். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

இரண்டாவது, அந்தக் கரைக்கு உரியவரின் அனுமதி. லைசென்ஸ் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது இல்லை. கால்வாய்களில் பெரும்பகுதி கேனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அதில் பல பகுதிகளை உள்ளூர் தூண்டில் சங்கங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. பக்கத்தில் உள்ள தூண்டில் கடையில் கேட்டால் எந்தப் பகுதி யாருடையது, டே டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

தேதியையும் பாருங்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தூண்டில் போடத் தடை. மீன்கள் முட்டையிடும் காலம் அது. பெரும்பாலான ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் இந்தத் தடை கிடையாது. சில பாதுகாக்கப்பட்ட நீர்நிலைகளில் மட்டும் உண்டு.

கிராண்ட் யூனியன் கால்வாயில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்தும் தக்கை அசையவே இல்லை. பத்தடி தள்ளி இருந்தவர் சின்னச் சின்ன மீனாக இழுத்துக்கொண்டே இருந்தார். எங்கே தவறு? – வாசகர், வாட்ஃபோர்ட்

பெரும்பாலும் ஆழத்தில்தான் தவறு இருக்கும். அதற்கு அடுத்தபடியாக, இரை தூவுவதில்.

கால்வாயின் அடித்தரை சமமாக இருக்காது. கரையோரம் அரை மீட்டர் ஆழத்தில் ஒரு திட்டு. அங்கிருந்து சரிந்து, நடுவில் படகு போகும் தடத்தில் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை இறங்கும். எதிர்க்கரைப் பக்கம் மறுபடி மேடு. உங்கள் பக்கத்துச் சரிவு முடிந்து தரை சமமாகும் இடத்தில்தான் உணவு தங்கும். ரோச்சும் பெர்ச்சும் மேய்வது அங்கேதான். பலர் இதை விட்டுவிட்டு நட்டநடுவில் வீசுகிறார்கள்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, அடியில் கார்க் பதித்த ஆழமானிக் குண்டு ஒன்று கடையில் விற்கும். முள்ளை அந்தக் கார்க்கில் குத்தி நீரில் இறக்குங்கள். மேலே மிதக்கும் உங்கள் தக்கை முழுக்க மூழ்கினால், தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே நரம்பின் (தூண்டில் இழையின்) நீளம் போதவில்லை. தலை தூக்கி நின்றாலோ படுத்தாலோ நீளம் அதிகம். நுனி மட்டும் தெரியும்படி நின்றால் முள் சரியாகத் தரையைத் தொடுகிறது. இப்படி ஒரு மீட்டருக்கு ஒருமுறை அளந்துகொண்டே போங்கள். ஆழம் கூடிக்கொண்டே போய் எங்கே நிற்கிறதோ, அங்கே மீன்பிடியுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். நாள் முழுவதற்கும் பலன் தருவது இந்தப் பத்து நிமிடம்தான்.

அந்த இடம் பொதுவாகக் கரையிலிருந்து நான்கைந்து மீட்டருக்குள் இருக்கும். ரீலே தேவையில்லை. 4 மீட்டர் விப் கம்பு (நுனியிலேயே நரம்பைக் கட்டும் மெல்லிய கம்பு), 0.10 அல்லது 0.12 மில்லிமீட்டர் நரம்பு, அரை கிராமுக்குக் குறைவான எடை தாங்கும் மெல்லிய தக்கை, 20ஆம் எண் முள் போதும். நரம்பில் கடித்துப் பொருத்தும் சிறு எடைக் குண்டுகளில் பெரும்பகுதியை முள்ளிலிருந்து 45 சென்டிமீட்டர் மேலே ஒன்றாகச் சேர்த்துப் பொருத்துங்கள். அதற்குக் கீழே 10ஆம் எண் குண்டு இரண்டை இடைவெளி விட்டுக் கடியுங்கள். தக்கையின் நுனி 2, 3 மில்லிமீட்டர்தான் நீருக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தெரிந்தால், இரையை வாயில் எடுத்த ரோச் தக்கையின் இழுப்பை உணர்ந்து துப்பிவிடும். உங்களுக்கு எதுவுமே தெரியாது. "தக்கை அசையவே இல்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இனி இரை. ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டியை மிக்ஸியில் பொடியாக்கி, ஈரம் போதாவிட்டால் லேசாகத் தண்ணீர் தெளித்து, கோல்ஃப் பந்து அளவில் ஒரே ஓர் உருண்டை பிடித்து, அளந்த இடத்தில் போடுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். இறங்கும்போதே உதிர்ந்து மேகமாக விரிய வேண்டும். முள்ளில் ரொட்டியின் நடுப்பகுதியிலிருந்து 5 மில்லிமீட்டர் வட்டமாகக் குத்தி எடுத்த துண்டு. நீரில் அது ஊதிப் பருக்கும் என்பதால் சிறிதாகவே இருக்கட்டும். கால்மணி நேரம் கடி இல்லையென்றதும் இன்னும் மூன்று உருண்டை எறிவதுதான் வழக்கமாக நடக்கும் கேடு. போட்டதை வெளியே எடுக்க முடியாது. குளிர்நாளில் ஒரு சிறு மீன்கூட்டம் வயிறு நிரம்பினால் அன்றைய பொழுது முடிந்தது. அதற்குப் பதில், சில நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்தாறு ஈப்புழு மட்டும் தூவுங்கள்.

படகு போனால் கலைந்துபோகாதீர்கள். கலங்கிய நீரில் மீன் பயம் தெளிந்து மேயும். படகின் இழுப்பில் இரை தள்ளிப் போயிருக்கும், கொஞ்சம் புதிதாகத் தூவினால் போதும். படகுகளை ஏற்றி இறக்கும் லாக் கதவு திறந்து நீர் நகரத் தொடங்கினால் நரம்பை 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டி, இரை தரையில் படுக்கும்படி வையுங்கள்.

ஈப்புழுவை முள்ளில் கோத்தால் சக்கையாகத் திரும்பி வருகிறது. மீன் மாட்டவில்லை. – வாசகி, ஈஸ்ட் ஹாம்

சக்கையாக வந்தால் மீன் கடித்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை என்று பொருள். கடைசிச் சின்னக் குண்டை முள்ளுக்குக் கிட்டே, 10 சென்டிமீட்டர் அளவுக்கு நகர்த்துங்கள். கடி முன்னதாகத் தெரியும். புழுவின் மழுங்கிய முனையில், கண் போல இரண்டு புள்ளி இருக்கும் பக்கத்தில், தோலை மட்டும் மெல்லக் குத்துங்கள். ஆழக் குத்தினால் உள்ளிருப்பது வடிந்து, கோர்க்கும்போதே சக்கையாகிவிடும். முள் மழுங்கியிருந்தாலும் இதுதான் நடக்கும். நகத்தின் மேல் முனையை வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மாற்றிவிடுங்கள்.

வாங்கிய ஈப்புழு மிச்சமானால் எத்தனை நாள் வைக்கலாம்? வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்க விடமாட்டேன் என்கிறார்கள். – வாசகர், லெஸ்டர்

வீட்டார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூடி சரியில்லாத டப்பா ஒன்று போதும், சமையலறை முழுக்கப் புழுவாகிவிடும். சிறிய பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைக் கொட்டகையில் வைத்துக்கொள்வதே நல்லது. 2 முதல் 5 டிகிரி குளிரில் புழு அடங்கிக் கிடக்கும். சல்லடையில் சலித்து, செத்ததையும் பழைய தூளையும் நீக்கி, சோளமாவு தூவி, காற்றுத் துளை உள்ள அகலமான டப்பாவில் வையுங்கள். ஈரம் மட்டும் படவே கூடாது. நனைந்த புழு செங்குத்தான சுவரிலும் ஒட்டி ஏறி வெளியே வந்துவிடும். மழையில் டப்பாவைத் திறந்து வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சூட்டில் விட்டால் சில நாளில் கூட்டுப்புழுவாக மாறும். தூண்டில்காரர்கள் அதை 'காஸ்டர்' என்று தனியாக விலை கொடுத்து வாங்குவார்கள், ஆகவே எறிய வேண்டாம். நீரில் போடுங்கள். வெளிர் நிறத்தில் இருப்பவை மூழ்கும், தூவ நல்லவை. கருத்தவை மிதக்கும். அவற்றைத் தூவினால் மீனை உங்கள் இடத்தைவிட்டு அழைத்துக்கொண்டு போய்விடும்.

பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா? – வாசகி, குரோய்டன்

பலர் கேட்கத் தயங்கும் கேள்வி. கேட்டதற்கு நன்றி. கால்வாயிலும் ஏரியிலும் பிடித்ததை உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எடுத்துவரக் கூடாது. ஆற்றில் சட்டம் ஓர் அளவு தருகிறது: ஒருவர் ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மிகாத சிறுமீன்கள் 15, 65 சென்டிமீட்டருக்கு மிகாத பைக் ஒன்று, 30 முதல் 38 சென்டிமீட்டருக்குள் கிரேலிங் இரண்டு எடுக்கலாம். விலாங்கு மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். ஆனால் அந்த ஆற்றங்கரையை வைத்திருக்கும் சங்கம் எதையுமே எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தால் அந்த விதிதான் செல்லும். பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் தூண்டில் போடுவதே குழம்புக்குத்தான். இங்கே ஒரே கெண்டையைப் பல ஆண்டுகள் பலரும் பிடித்து விடுகிறார்கள், அதன் வளர்ச்சியையே கவனித்து வருகிறார்கள். ஐந்து கிலோ மீனை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போனால் அந்தக் குளமே அதை இழக்கிறது. குழம்புக்கு மீன் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஆற்றில் தக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது? – வாசகர், நாட்டிங்காம்

ஓடத்தான் வேண்டும். டிரென்ட் போன்ற ஆற்றில் தக்கையை ஒழுக்கோடு ஓடவிட்டுப் பிடிப்பதே அழகு. ஆனால் நீரின் வேகத்தில் விட்டுவிடக் கூடாது. மேல்மட்ட நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடும். இயற்கையாக உருண்டு வரும் புழு அடிநீரின் வேகத்தில் வருகிறது. மேல்நீர் தக்கையை இழுக்க, தக்கை முள்ளை இழுக்க, உங்கள் புழு மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு பறந்தால் சப், டேஸ் மீன்கள் எல்லாம் சந்தேகப்படும்.

ஆகவே மேலும் கீழும் ரப்பர் வளையத்தால் பிணைத்த ஸ்டிக் தக்கையைப் பயன்படுத்துங்கள். 8ஆம் எண் குண்டுகளைச் சட்டைப் பொத்தான் மாதிரி சம இடைவெளியில் கடியுங்கள், கீழே போகப் போக இடைவெளியைக் கூட்டலாம். 3 பவுண்டு எடை தாங்கும் நரம்பு, கடைசி அரை மீட்டருக்கு அதைவிட மெல்லிய நரம்பு, 18ஆம் எண் முள். ரீலின் விளிம்பில் விரலை வைத்து நரம்பை லேசாகத் தடுத்துத் தடுத்து விடுங்கள். தக்கை பின்வாங்கும், இரை முன்னால் தூக்கிக்கொண்டு போகும். அந்த நொடியில்தான் நிறையக் கடி விழும். தக்கைக்கும் கம்புக்கும் நடுவே நரம்பு வில்லாக வளைந்தால் கம்பைத் தூக்கி நரம்பை ஆற்றின் மேல்பக்கமாக எடுத்துப் போடுங்கள்.

ஒவ்வொரு வீச்சுக்கும் பத்துப் பதினைந்து புழு, தக்கைக்குக் கொஞ்சம் மேல்பக்கமாக. தவறாமல் ஒவ்வொரு வீச்சுக்கும். கடி வரவரக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தால் மீன் பின்வாங்குகிறது. இன்னும் மேலே தள்ளித் தூவுங்கள். தக்கை அடிக்கடி முழுகி, முள்ளில் பாசி வந்தால் ஆழம் அதிகம். ஓர் அங்குலம் குறையுங்கள்.

குண்டு வாங்கும்போது ஒரு விஷயம்: 0.06 கிராமுக்கு மேலும் 28.35 கிராம் வரையிலும் உள்ள ஈயக்குண்டுக்கு இங்கே தடை. தரையில் சிதறிய ஈயத்தை விழுங்கி அன்னங்கள் நஞ்சேறிச் செத்ததால் வந்த விதி. 8ஆம் எண்ணும் அதைவிடச் சிறியதும் ஈயத்தில் இருக்கலாம். மற்றவை ஈயமில்லாத உலோகத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏரியில் டென்ச் மீனுக்குத் தக்கையை எப்படி அமைப்பது? பெரிய மீன் மாட்டினால் நரம்பு அறுந்துவிடுகிறது. – வாசகர், ரெடிங்

ஜூன், ஜூலை விடியற்காலை, அல்லி இலைகளின் ஓரம், நுணுக்கமான குமிழிகள் கூட்டமாகக் கிளம்பும் இடத்தில் டென்ச் தரையைக் கிளறுகிறது. தக்கையை அடிநுனியில் மட்டும் பிணையுங்கள். முள்ளிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டரில் ஒரே ஒரு AAA குண்டு, 0.8 கிராம். அந்த எடையைத் தாங்காத சிறிய தக்கையாக இருக்க வேண்டும். ஆழத்தைவிட 15 சென்டிமீட்டர் கூட்டி, வீசி, கம்பைத் தாங்கியில் வைத்து, தக்கை நிமிரும் வரை நரம்பை இழுத்து இறுக்குங்கள். மீன் தலைகீழாக நின்று இரையை எடுத்து நிமிரும்போது குண்டும் கூடவே எழும். தக்கை அமிழாது, எழும்பிப் படுக்கும். எழும்பும்போதே கம்பைத் தூக்குங்கள். இரைக்கு இரண்டு மக்காச்சோள மணி, 10ஆம் எண் முள், 6 பவுண்டு நரம்பு.

அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் முடிச்சு. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து இறுக்கினால் உரசலின் சூட்டிலேயே நரம்பு வலுவிழந்துவிடும். இரண்டாவது காரணம், ரீலின் கிளட்சை (நரம்பு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் திருகை) முழுதும் இறுக்கி வைப்பது. கையால் பலமாக இழுத்தால் நரம்பு வெளியேறும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஓடுகிற மீனை ஓடவிட்டு, நின்றதும் சுற்றுங்கள்.

முள்ளை விழுங்கிய மீனை என்ன செய்வது? – வாசகர், லூட்டன்

முள் தெரிந்தால் டிஸ்கார்ஜர் என்ற சின்னக் குச்சியை நரம்பு வழியே முள்வரை இறக்கி, லேசாக உள்ளே அழுத்தினால் விடுபடும். முனைக்குப் பின்னால் எதிர்க்கொக்கி இல்லாத முள்ளாக இருந்தால் இன்னும் எளிது. தெரியாத ஆழத்தில் இருந்தால் குடையாதீர்கள். நரம்பை வாய்க்குக் கிட்ட வெட்டி விட்டுவிடுங்கள். மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள், உலர்ந்த கையில் அதன் வழுவழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் நோய்த் தொற்று பிடிக்கும். கோடையில் பார்பல் போன்ற மீன் சண்டை போட்டுக் களைத்திருக்கும். தலை ஒழுக்குக்கு எதிராக இருக்கும்படி வலைக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்திருங்கள். அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை விட வேண்டாம்.

மின்கம்பி போகும் இடத்தில் உட்காரலாமா? – வாசகி, மில்டன் கீன்ஸ்

கூடாது. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். தலைக்கு மேல் கம்பி போகும் இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி உட்காருங்கள். இடம் மாறும்போது கம்பைக் கழற்றி, கிடைமட்டமாகத் தூக்கிக்கொண்டு நடங்கள்.